ஒரே பற்பசைக்குச் சென்னையில் ஒரு விலை, சிங்கப்பூரில் ஒரு விலை: காரணம் என்ன?

மந்தைவெளிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் எட்டு ஆண்டுகளாகக் குடும்பத்தோடு சிங்கப்பூரில் இருக்கிறாள். அவள் ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்தால் கோடாலித் தைலமும் ஷாம்பூப் புட்டிகளும் முகத்துக்குப் பூசும் பசைகளும் வெளியே வரும். திரும்பிப் போகும்போது அதே பெட்டிக்குள் நல்லெண்ணெய், சாம்பார்ப் பொடி, குளியல் சோப்பு, பற்பசை எல்லாம் போகும். இது எங்கள் வீட்டில் பழக்கமாகவே ஆகிவிட்டது; எதை எங்கே வாங்கினால் மிச்சம் என்று ஒருநாளும் உட்கார்ந்து கணக்குப் பார்த்ததில்லை. சென்ற வாரம் அவள் விட்டுச்சென்ற இரண்டு அங்காடி ரசீதுகளையும், எங்கள் தெருமுனை மளிகைக் கடையின் ரசீதையும், கையில் இருந்த பொட்டலங்களையும் மேசைமேல் பரப்பி, ஒரு சிங்கப்பூர் டாலருக்கு 67 ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டேன். வந்த விடைகள் எனக்கு விளங்கவில்லை.

ஒரே நிறுவனத்தின் பற்பசை இங்கே 150 கிராம் 95 ரூபாய். அங்கே 160 கிராம் 3 டாலர் 35 காசு, அதாவது 224 ரூபாய். கிராமுக்கு இங்கே 63 காசு, அங்கே 1 ரூபாய் 40 காசு. குளியல் சோப்பில் வித்தியாசம் இன்னும் அதிகம். இங்கே 125 கிராம் கட்டிகள் நான்கு சேர்ந்து 160 ரூபாய்; அங்கே 80 கிராம் கட்டிகள் நான்கு 3 டாலர் 95 காசு. கிராமுக்கு 32 காசுக்கு எதிரே 83 காசு. நல்லெண்ணெய் அங்கே அரை லிட்டரே 460 ரூபாய்க்கு மேல் ஆகிறது. இங்கே ஒரு லிட்டரை 420 ரூபாய்க்கு வாங்குகிறேன்.

இதுவரை சரி, வெளிநாட்டில் எல்லாம் விலை கூடுதல்தானே என்று விட்டிருப்பேன். ஆனால் ஷாம்பூ வேறு விதமாக இருக்கிறது. இங்கே 340 மில்லி புட்டி 270 ரூபாய், அதாவது மில்லிக்கு 79 காசு. அங்கே 480 மில்லி புட்டியின் விலை 7 டாலர் 90 காசு. ஆனால் என் மகள் இரண்டாகச் சேர்த்துச் சலுகையில் 9 டாலர் 90 காசுக்கு வாங்கியிருக்கிறாள், மில்லிக்கு 69 காசுதான் ஆகிறது. தோல் மருத்துவர் எனக்கு எழுதிக்கொடுத்த சன்ஸ்கிரீன் அதைவிடக் குழப்பம். அவள் வாங்கி வந்த குழாயும் நான் இங்கே மருந்துக் கடையில் வாங்கிய குழாயும் பிரான்சில் செய்யப்பட்டவை. எழுத்தும் நிறமும் 50 மில்லி அளவும் ஒன்றே. என்னுடையதில் மட்டும் இறக்குமதியாளரின் முகவரியும் விலையும் அச்சடித்த ஒரு வெள்ளைத் தாள் பின்புறம் ஒட்டப்பட்டிருக்கிறது. அவள் கொடுத்தது 24 டாலர், அதாவது சுமார் 1,608 ரூபாய். நான் கொடுத்தது 2,100 ரூபாய்.

ஒரு நாடு மலிவு, ஒரு நாடு விலை கூடுதல் என்று சொல்லிவிட முடியாமல் பொருளுக்குப் பொருள் மாறுகிறதே, இதற்கு வரி காரணமா, கப்பல் கூலி காரணமா, அல்லது நிறுவனமே ஆளைப் பார்த்து விலை வைக்கிறதா? இரண்டு ஊர்ப் பொருளும் உள்ளே ஒன்றுதானா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மேற்கு மாம்பலம் வரி ஆலோசகர் எழுதியது:

வணக்கம் அம்மா. இவ்வளவு ஒழுங்காக அலகுக் கணக்கோடு கேள்வி கேட்பவர்கள் குறைவு. வரி என் தொழில் என்பதால் அந்தப் பகுதியை மட்டும் நான் சொல்கிறேன்.

சன்ஸ்கிரீனிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் உங்கள் பட்டியலில் வரியைக் கொண்டு ஏறக்குறைய முழுமையாக விளக்கக்கூடிய பொருள் அது ஒன்றுதான். பிரான்சிலிருந்து வரும் முகப்பசை 100 ரூபாய் மதிப்பில் சென்னைத் துறைமுகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அழகுப் பொருள்களுக்கு அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதம். 2018ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 10 சதவீதத்திலிருந்து உயர்த்தப்பட்டது. அந்த வரியின் மீது பத்தில் ஒரு பங்கு சமூகநலக் கூடுதல் வரியாகச் சேரும். ஆகவே 100 ரூபாய் 122 ரூபாயாகிறது. அதன் மீது ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்ந்தால் 143 ரூபாய் 96 காசு. சிங்கப்பூரிலோ மது, புகையிலை, மோட்டார் வாகனம், பெட்ரோலியப் பொருள்கள் தவிர மற்றவற்றுக்குச் சுங்க வரியே கிடையாது. 2024 ஜனவரி முதல் நடப்பில் உள்ள 9 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும் சேர்ந்து அதே 100 ரூபாய் 109 ரூபாயாக நிற்கும். 144ஐ 109ஆல் வகுத்தால் 1.32 வருகிறது. உங்கள் மகள் கொடுத்த 1,608 ரூபாயை 1.32ஆல் பெருக்கிப் பாருங்கள், 2,120 ரூபாய்க்கு அருகில் வரும். நீங்கள் கொடுத்தது 2,100. இறக்குமதியாளரும் கடைக்காரரும் வைக்கும் இலாப விகிதம் இரண்டு ஊர்களிலும் ஒன்றாக இருந்தால்தான் இந்தக் கணக்கு இப்படிப் பொருந்தும். எல்லாப் பொருளுக்கும் இவ்வளவு நெருக்கமாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தாய்லாந்திலோ இந்தோனேசியாவிலோ செய்யப்பட்ட பொருளானால், ஆசியான் நாடுகளோடு 2010 முதல் நடப்பில் உள்ள வணிக ஒப்பந்தத்தின்படி சுங்க வரி குறையவும் கூடும். அடுத்த முறை குழாயின் பின்புறத்தில் எந்த நாட்டில் செய்தது என்பதையும் பாருங்கள்.

அந்த வெள்ளைத் தாளைப் பற்றி ஒரு சொல். அதைக் கடைக்காரர் ஏதோ மறைப்பதற்காக ஒட்டியது என்று பலர் நினைக்கிறார்கள். பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி, இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை பொட்டலத்தின் மேல் இருந்தே ஆக வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் ஒரு வெளிநாட்டுப் பசை இங்கே கடையில் விற்கப்பட்டால்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

பற்பசை, ஷாம்பூ, தலைமுடி எண்ணெய், கட்டியாக உள்ள குளியல் சோப்பு, முகப் பவுடர் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. புட்டியில் வரும் திரவ சோப்புக்கும் சன்ஸ்கிரீனுக்கும் சலவைத் தூளுக்கும் அந்தக் குறைப்பு இல்லை, அவை 18 சதவீதத்திலேயே நிற்கின்றன. கைகழுவ ஒரு கட்டி சோப்பு வைத்தால் 5, அழுத்தும் புட்டி வைத்தால் 18 என்று ஒரே குளியலறையில் இரண்டு விகிதம் இருக்கிறது.

வரி விகிதம் ஒரு பொருளின் பெயரைப் பிடித்துக்கொண்டு எப்படி அலையும் என்பதற்குத் தேங்காய் எண்ணெயைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. நம் வீடுகளில் ஒரே புட்டியிலிருந்து தலைக்கும் தேய்ப்போம், அவியலிலும் ஊற்றுவோம். சமையல் எண்ணெய் என்றால் 5 சதவீதம், தலைமுடி எண்ணெய் என்றால் 18 சதவீதம் என்று இருந்த காலத்தில், சிறிய புட்டியில் அடைத்தாலே அது தலைக்குத்தான் என்று வரித்துறை வாதிட்டது. பல ஆண்டுகள் நீடித்த வழக்கில் 2024 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம், உண்ணும் எண்ணெய்க்குரிய தரமும் முத்திரையும் இருந்து, தலைமுடி எண்ணெய் என்று விற்கப்படாவிட்டால், புட்டி சிறியது என்பதற்காக மட்டும் அதைத் தலைமுடி எண்ணெய் என்று கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. இப்போது இரண்டுக்குமே 5 சதவீதம் என்பதால் அந்தச் சண்டை ஓய்ந்துவிட்டது. ஆனால் ஒரு நாட்டில் மளிகை என்று கொள்வதை இன்னொரு நாடு அழகுப் பொருள் என்று கொள்ளும்போது விலை எப்படிப் பிரியும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் அம்மா, உங்கள் சோப்புக்கும் பற்பசைக்கும் என்னிடம் விடை இல்லை. இங்கே 5, அங்கே 9. நான்கு சதவீத வரி வேறுபாடு ஒரு பொருளின் விலையை இரண்டு மடங்காக்காது. அதை விற்றவர்கள்தான் சொல்ல வேண்டும்.


பிராட்வே முன்னாள் ஸ்டாக்கிஸ்ட் எழுதியது:

வரி ஆலோசகர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகள் சோப்பு, பற்பசை, பிஸ்கட் வகைகளுக்கு வடசென்னையில் ஸ்டாக்கிஸ்டாக, அதாவது நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கிக் கடைகளுக்குக் கொடுப்பவனாக இருந்தேன். இப்போது தொழிலை விட்டுவிட்டேன்.

விற்பனை விலையை எங்களைப் போன்ற ஸ்டாக்கிஸ்டும் நிர்ணயிப்பதில்லை, தெருமுனைக் கடைக்காரரும் நிர்ணயிப்பதில்லை. நான் வியாபாரம் செய்த காலத்தில் எங்கள் கையில் ஐந்து சதவீத அளவும் கடைக்காரர் கையில் பத்து சதவீத அளவும் நின்றன. அதற்குள்தான் வண்டி வாடகை, குடோன் வாடகை, ஆள் கூலி, கடன் நிலுவை எல்லாம். மந்தைவெளியில் உங்கள் கடைக்காரர் நூறு சதுர அடியில் மனைவி மக்களோடு நின்று காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை விற்கிறார். சிங்கப்பூர் அங்காடியின் வாடகையும் அங்கே அடுக்கில் பொருளை வைக்கும் ஊழியரின் சம்பளமும் அந்த நாட்டு அளவில் இருக்கும். சோப்பின் உள்ளே இருக்கும் எண்ணெயும் சோடாவும் எங்கும் ஏறக்குறைய ஒரே விலைதான்; அந்தச் சோப்பை உங்கள் கையில் கொண்டுவந்து சேர்க்கும் மனிதர்களின் கூலிதான் ஊருக்கு ஊர் மாறுகிறது. இது முதல் காரணம்.

இரண்டாவது காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வெளியே இருப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நம் ஊரில் விலை முதலில் முடிவாகிறது, எடை அதற்குப் பிறகு முடிவாகிறது. 5 ரூபாய், 10 ரூபாய், 20 ரூபாய் என்று வாங்குபவர் சில்லறையாக நீட்டும் தொகைகள் இருக்கின்றன. பாமாயில் விலை ஏறினால் 10 ரூபாய்ச் சோப்பை 11 ரூபாய்க்கு விற்க எந்த நிறுவனமும் துணியாது. கட்டியின் எடையைக் குறைக்கும். சரக்கு வந்து இறங்கும்போது பெட்டியைத் தூக்கும் ஆள் "அண்ணே, இந்த லோடு லேசா இருக்கு" என்று சொல்லித்தான் பலமுறை எனக்கே எடைக் குறைப்பு தெரியவந்தது. விலைப்பட்டியலில் ஒரு எழுத்தும் மாறியிருக்காது.

இந்தப் பழக்கத்தின் உச்சம் ஷாம்பூ சாஷே. அது நம் பக்கத்துக் கண்டுபிடிப்பு என்பதில் எனக்கு எப்போதும் பெருமை உண்டு. கடலூர் சின்னி கிருஷ்ணன் சிறு பொட்டலத்தில் ஷாம்பூவை விற்கும் வழியைக் காட்டினார். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். அதற்குமுன் ஷாம்பூப் புட்டி வாங்க முடியாத வீடுகளில் சீயக்காயும் சோப்பும்தான் இருந்தன. பிறகு பெரிய பன்னாட்டு நிறுவனங்களும் அந்த வழிக்கே வந்தாக வேண்டியிருந்தது. அம்மா, உங்கள் கடையில் தோரணமாகத் தொங்கும் 2 ரூபாய்ப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 6 மில்லி என்று போட்டிருந்தால் மில்லிக்கு 33 காசு. அதே ஷாம்பூ புட்டியில் 79 காசு. பெரிதாக வாங்கினால் மலிவு என்பது பல நாடுகளில் செல்லும். நம் ஊர் ஷாம்பூவுக்குச் செல்லாது. சிறு பாக்கெட் வாங்குபவர் இரண்டு ரூபாய்க்கு மேல் தர மாட்டார், புட்டி வாங்குபவர் தருவார் என்று நிறுவனத்துக்குத் தெரியும். ஆகவே ஆளைப் பார்த்து விலை வைக்கிறார்களா என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில் ஆம் என்பதுதான். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நடப்பது, ஒரே கடையில் தோரணத்துக்கும் அடுக்குக்கும் இடையே நடப்பதன் பெரிய வடிவம்.

உங்கள் மகளுக்கு 'இரண்டு வாங்கினால்' சலுகை கிடைத்ததற்கும் காரணம் உண்டு. அங்கே பொட்டலத்தின் மேல் விலை அச்சடிக்கும் கட்டாயம் இல்லை. அங்காடி 7 டாலர் 90 காசு என்று எழுதிவைக்கும். வாரத்துக்கு வாரம் அதை இறக்கி ஏற்றும். அவசரத்துக்கு ஒரு புட்டி வாங்குபவர் முழு விலை கொடுப்பார், காத்திருந்து வாங்குபவர் குறைத்துக் கொடுப்பார். ரசீதில் உள்ள சலுகை விலையை அந்த ஊரின் விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உள்ளே இருப்பது ஒன்றுதானா என்று கேட்டிருந்தீர்கள். சோப்பைப் பொறுத்தவரை உறையின் பின்புறத்தில் டி.எஃப்.எம். என்று ஒரு எண் இருக்கும். கட்டியில் எவ்வளவு கொழுப்புப் பொருள் இருக்கிறது என்பதைக் காட்டுவது. இந்தியத் தர நிர்ணயப்படி முதல் தரக் குளியல் சோப்பில் அது குறைந்தது 76 சதவீதம், இரண்டாம் தரத்தில் 70, மூன்றாம் தரத்தில் 60. எண் குறையக் குறையக் கட்டி தண்ணீரில் சீக்கிரம் கரைந்து கொழகொழவென்று ஆகும். பெயரும் உறையும் ஒன்றாக இருந்தாலும் நாட்டுக்கு நாடு சேர்மானம் மாறலாம். ஆகவே கிராமுக்கு எத்தனை காசு என்று பார்த்த நீங்கள், ஒரு கட்டி எத்தனை நாள் வருகிறது என்பதையும் பாருங்கள்.


பாசலில் இருந்து திரும்பியவர், இப்போது அண்ணா நகர்:

இரண்டு பெரியவர்களும் நன்றாக விளக்கிவிட்டார்கள். கப்பல் கூலியும் சுங்கமும் ஏறக்குறைய இல்லாத ஓர் எல்லையில் நான் ஐந்து ஆண்டுகள் குடியிருந்தேன். வரியும் தூரமும் விலையை முடிவு செய்வதில்லை என்பதற்கு அந்த இடம் கண்கண்ட சாட்சி என்பதால் இதைச் சேர்க்கிறேன்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து எட்டாம் எண் டிராம் வண்டி ஏறினால், எல்லையைக் கடந்து ஜெர்மனியின் வைல் ஆம் ரைன் ஊரில் கொண்டுபோய் விடும். 2014 டிசம்பரிலிருந்து அந்தத் தடம் ஓடுகிறது. சனிக்கிழமை காலையில் அந்த வண்டியில் இழுவைப் பைகளோடு கூட்டம் நிற்கும், நம் ஊரில் கோயம்பேடு போகிற கூட்டம்போல. ஈழத்திலிருந்து வந்து அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களையும் அதில் பார்ப்பேன். எல்லாரும் வாங்கப்போவது பற்பசை, ஷாம்பூ, குழந்தைகளின் டயப்பர், சலவைத் தூள், பால், இறைச்சி போன்ற அன்றாடப் பொருள்களைத்தான்.

ஜெர்மனியில் இந்தப் பொருள்களில் பலவற்றுக்கு மதிப்புக் கூட்டு வரி 19 சதவீதம். சுவிட்சர்லாந்தில் இப்போது 8.1 சதவீதம்தான். வரிதான் விலையை முடிவு செய்கிறது என்றால் ஜெர்மானியர்கள் அல்லவா டிராம் ஏறி பாசலுக்கு வர வேண்டும்? மாறாக, ஒரே நிறுவனத்தின் ஒரே ஷாம்பூ, டிராமில் சில நிறுத்தங்கள் தள்ளிக் கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. சுவிஸ் சம்பளம் பெரிது, ஆகவே அவர்களால் கொடுக்க முடியும் என்று நினைத்து நிறுவனங்கள் அந்த நாட்டுக்குத் தனி விலை வைக்கின்றன. அங்குள்ளவர்களுக்கே இதில் நெடுநாள் மனக்குறை உண்டு. 2022இல் போட்டிச் சட்டத்தையே திருத்தி, சுவிஸ் வணிகர்கள் வெளிநாட்டு விலைக்குப் பொருளைக் கேட்டு வாங்க வழி செய்தார்கள்.

வாங்கிய பிறகு ஒரு பச்சைச் சீட்டு தருவார்கள். அதை ஜெர்மன் சுங்க அலுவலரிடம் நீட்டி முத்திரை வாங்கிக்கொண்டு அடுத்த முறை கடையில் கொடுத்தால் அந்த 19 சதவீதமும் திரும்பி வரும். நான் அங்கிருந்த முதல் ஆண்டுகளில் சின்னத் தொகைக்கும் அந்தச் சீட்டு கிடைத்தது. முத்திரை குத்துபவர்கள் திணறிப்போய், 2020 முதல் 50 யூரோவுக்கு மேல் வாங்கினால்தான் என்று விதித்தார்கள். சுவிஸ் அரசும் தன் கடைகள் நசிவதைப் பார்த்து, வரியில்லாமல் கொண்டுவரும் அளவை 2025 ஜனவரி முதல் 300 பிராங்கிலிருந்து 150ஆகக் குறைத்துவிட்டது.

ஒரு நாட்டு வணிகர் மலிவான அடுத்த நாட்டிலிருந்து மொத்தமாக வாங்கி வந்து விற்றால் இந்த வேறுபாடு தானாகக் கரைந்துவிடாதா என்று நான் முதலில் நினைத்தேன். கரையாமல் பார்த்துக்கொள்வதும் நடக்கிறது. பெல்ஜியத்தைவிட நெதர்லாந்தில் மலிவாக விற்ற ஒரு பியர், எல்லை தாண்டி வந்துவிடாமல் இருக்க, நெதர்லாந்து டப்பாக்களில் இருந்த பிரெஞ்சு எழுத்துகளை ஏ.பி.இன்பெவ் நிறுவனம் எடுத்துவிட்டது. பெல்ஜியத்தில் பிரெஞ்சு இல்லாமல் விற்பது கடினம். ஐரோப்பிய ஆணையம் 2019 மே மாதம் அதற்கு 20 கோடி யூரோ அபராதம் விதித்தது. சாக்லேட், பிஸ்கட், காபி ஆகியவை ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே போகாமல் தடுத்ததற்காக 2024 மே மாதம் மொண்டெலெஸ் நிறுவனத்துக்கு 33.75 கோடி யூரோ. ஒரே சந்தை என்று சட்டம் எழுதிக்கொண்ட நாடுகளுக்குள்ளேயே இப்படி என்றால், சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே இரண்டு விலை நிலைத்திருப்பதில் எனக்கு வியப்பில்லை.


சைதாப்பேட்டையிலிருந்து ஒருவர் எழுதியது:

சுருக்கமாக ஒன்று. நான் மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். சிங்கப்பூர்க் குடும்பங்கள் வார இறுதியில் பாலத்தைக் கடந்து வந்து எங்கள் பக்கத்து அங்காடிகளில் சமையல் எண்ணெய், சலவைத் தூள், டயப்பர் எல்லாம் வண்டி நிறைய அள்ளிக்கொண்டு போவார்கள். 1973 வரை இரண்டு நாட்டு நாணயமும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளப்பட்டது. இப்போது ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மூன்று மலேசிய ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. விலைச் சீட்டு மாறாமலேயே நாணயம் மட்டும் நகர்ந்து ஒரு ஊரை மலிவாக்கிவிடும். நம் ரூபாயையும் பாருங்கள், 2005 வாக்கில் ஒரு சிங்கப்பூர் டாலர் 26 ரூபாய் அளவில்தான் இருந்தது. கூலிக்கு வெளிநாட்டுச் சரக்கைச் சுமந்துவரும் குருவிகள் பெட்டி பெட்டியாகச் சோப்பும் சென்ட்டும் கொண்டுவந்து பர்மா பஜாரில் இறக்கிய காலத்துக் கணக்கு இன்றைக்கு ஒத்துவராது. உங்கள் மகள் ஜொகூர் போய்வரும் வழக்கம் உள்ளவரானால் ஷாம்பூவை அங்கே பார்க்கச் சொல்லுங்கள். ஒரே நாளில் போய்த் திரும்பினால் 100 சிங்கப்பூர் டாலர் மதிப்பு வரைதான் வரி விலக்கு. 48 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் 500 வரை.


மந்தைவெளிவாசி எழுதியது:

நால்வருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஒரு துணைக் கேள்வி: பொன்னி அரிசி 5 கிலோ மூட்டை அங்கே 13 டாலர், ஏறக்குறைய 870 ரூபாய். 2023ஆம் ஆண்டு ஒருமுறை திடீரென்று ஏறியதாகவும் மகள் சொல்கிறாள். இதற்கும் நிறுவனங்கள்தான் காரணமா?


பிராட்வே முன்னாள் ஸ்டாக்கிஸ்ட் எழுதியது:

அரிசியின் கதை வேறு அம்மா, அதில் அரசின் கை பெரிது. 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்திய அரசு நிறுத்தியது. அடுத்த மாதம் புழுங்கலரிசி ஏற்றுமதிக்கு 20 சதவீத வரி போட்டது. உள்நாட்டில் விலை ஏறாமல் காக்க எடுத்த முடிவு, வெளிநாட்டில் நம்மவர்களின் சமையலறையில் ஏற்றமாகப் போய் விழுந்தது. 2024 செப்டம்பர், அக்டோபரில் அவை தளர்த்தப்பட்டன. நம் ஊரில் ரேஷன் அரிசி விலையில்லாமலும், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைப்பதும் இதே வகையைச் சேர்ந்தது. மலேசியாவில் ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பொட்டலத்தை மானியத்தில் 2 ரிங்கிட் 50 காசுக்குக் கொடுப்பதும் அப்படித்தான். இப்படிப்பட்ட விலைகளை அடுத்த நாட்டு விலையோடு ஒப்பிடுவதில் பொருளில்லை, ஏனென்றால் மீதிப் பணத்தை வேறொருவர் கட்டுகிறார்.


மந்தைவெளிவாசி எழுதியது:

இப்போது தெளிவாகிவிட்டது. நீங்கள் சொன்னபடி நேற்று மாலை கடைக்குப் போய், சாஷே தோரணத்தைத் திருப்பிப் பார்த்தேன். 2 ரூபாய்ப் பாக்கெட்டில் 5.5 மில்லி என்று இருந்தது, மில்லிக்கு 36 காசு. இத்தனை ஆண்டுகள் புட்டியாக வாங்கினால் மிச்சம் என்று நம்பியிருந்தேன். பிளாஸ்டிக் உறை சேர்ந்துகொண்டே போகும் என்பது மனத்துக்குச் சங்கடமாக இருப்பதால், எனக்கு மட்டும் புட்டியையே தொடர்வது என்று முடிவு செய்திருக்கிறேன்; விலை தெரிந்து வாங்குகிறேன் என்பதுதான் மாற்றம். சோப்பு உறையில் 76 சதவீதம் என்று இருந்தது. மகள் வீட்டுச் சோப்பின் உறையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் அந்த எண்ணே அச்சடிக்கப்படவில்லை. ஆகவே இரண்டு கட்டிகளையும் ஒரே நாளில் பிரித்து, அவள் அங்கேயும் நான் இங்கேயும் எத்தனை நாள் வருகிறது என்று குறித்துவைப்பதாக ஏற்பாடு.

அவளிடம் பேசியபோது ஒன்று சொன்னாள், அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். "நீங்கள் எல்லாவற்றையும் 67ஆல் பெருக்குகிறீர்கள் அம்மா, எனக்குச் சம்பளம் டாலரில்தானே வருகிறது, 3 டாலர் பற்பசை எனக்குப் பாரமில்லை, பெட்டியில் அரை கிலோ இடம்தான் பாரம்" என்றாள். அது நியாயம்தான். எனக்கு ஓய்வூதியம் ரூபாயில் வருகிறது, ஆகவே சன்ஸ்கிரீனில் 490 ரூபாய் மிச்சம் என்பது எனக்குப் பெரிது, அவளுக்கு அது கைக்கடக்கமான ஒரு சிறு குழாய். இனி அங்கிருந்து சன்ஸ்கிரீனும் கோடாலித் தைலமும் மட்டும் வரும். இங்கிருந்து சோப்பும் பற்பசையும் போகா; பெட்டியில் அந்த இடத்தில் செக்கு நல்லெண்ணெய் இரண்டு லிட்டரும், வீட்டில் அரைத்த சாம்பார்ப் பொடியும் போகும். அரிசியை அவள் அங்கேயே வாங்கிக்கொள்வாள்.